கொலாஜனின் முச்சுருள்

கொலாஜன்: தோல், எலும்பு, தசைநாண், குருத்தெலும்பு ஆகியவற்றுக்கு உறுதி தரும் நார்ப்புரதம். மனித உடலிலுள்ள புரதத்தில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு இதுவே.

மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்த சாமுவேல் பிஸ்க் கிறீனின் இரசாயன நூலான 'கெமிஸ்தம்' 1875இல் வெளிவந்தபோது, புரதம் எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பது உலகில் எவருக்கும் தெரியாது. எமில் பிஷ்ஷரும் பிரான்ஸ் ஹோப்மைஸ்டரும் 1902இல் தனித்தனியே விடை சொன்னார்கள். ஓர் அமினோ அமிலத்தின் காபொட்சைல் கூட்டம் அடுத்ததன் அமினோ கூட்டத்தோடு சேர, நீர் மூலக்கூறொன்று வெளியேறுகிறது. உண்டாவது பெப்ரைட்டுப் பிணைப்பு. அந்தச் சங்கிலி எவ்வாறு மடிகிறது என்ற கேள்வி எஞ்சியது.

கொலாஜனைப் பொறுத்தவரை விடை சென்னையிலிருந்து வந்தது. 1952இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரான ஜி. என். இராமச்சந்திரனிடம், அங்கு வந்த படிகவியலாளர் ஜே. டி. பெர்னல், கொலாஜனின் வடிவம் இன்னும் பிடிபடவில்லை என்றார். மத்திய தோல் ஆராய்ச்சி நிறுவனத்திலிருந்து கிடைத்த கங்காரு வால் தசைநாணை எக்ஸ் கதிரால் ஆராய்ந்த இராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் 1954இல் மூன்று சங்கிலி அமைப்பை முன்வைத்தனர். மறு ஆண்டு, அவை ஒன்றையொன்று சுற்றி முறுகியிருப்பதாகத் திருத்தினர். ஒவ்வொரு மூன்றாம் இடத்திலும் கிளைசின் என்ற அமினோ அமிலம் நிற்கும். முறுக்கின் நடுவில் அதைவிடப் பெரியதற்கு இடமில்லை.

யாழ்ப்பாணத்தில் பிள்ளை பெற்ற தாய்க்குச் சுறா வறை சமைப்பவர்கள் இந்த முச்சுருளின் ஓர் இயல்பை நன்கறிவார்கள். அவித்த சுறாவின் தோல் இலகுவில் உரிந்துவிடும். மூன்று சங்கிலிகளையும் சேர்த்துப் பிடிக்கும் ஐதரசன் பிணைப்புகள் வெப்பத்தால் அறுந்து முச்சுருள் அவிழ்வதே காரணம். பெப்ரைட்டுப் பிணைப்புகளோ பெரும்பாலும் அப்படியே இருக்கும், கொலாஜன் ஜெலற்றினாகிறது. அமினோ அமில வரிசை வேறு, அது கொள்ளும் வடிவம் வேறு என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இராமச்சந்திரனின் அமைப்பில் சில அணுக்கள் மிக நெருங்கியுள்ளன என்று அலெக்சாண்டர் ரிச்சும் பிரான்சிஸ் கிரிக்கும் 1955இல் மறுத்தனர். ஐதரசன் பிணைப்புகளின் எண்ணிக்கையிலும் இரு தரப்பும் வேறுபட்டன; அதில் பின்வந்த ஆய்வுகள் அவர்கள் பக்கமே நின்றன. முச்சுருள் என்ற அடிப்படை நிலைத்தது. அந்த மறுப்பு வீண்போகவில்லை. அணுக்கள் எவ்வளவு நெருங்கலாம் என்று கணக்கிட முனைந்த இராமச்சந்திரன், சி. இராமகிருஷ்ணனுடனும் வி. சசிசேகரனுடனும் 1963இல் வெளியிட்ட வரைபடம், பெப்ரைட்டுச் சங்கிலி எந்தக் கோணங்களில் திரும்பலாம் என்பதைக் காட்டிற்று. என் மதிப்பில், முச்சுருளைவிட இதுவே பெரிய சாதனை. இன்றும் புதிதாகக் கண்டறியப்படும் புரத வடிவங்கள் இராமச்சந்திரன் வரைபடத்தில் வைத்தே சரிபார்க்கப்படுகின்றன.