மூடுபனியில் அம்மாயி: 1857-ன் கேமராவும் என் கேமராவும்

இந்த எபிசோட் நான் எடுத்த ஒரு மோசமான போட்டோவில் இருந்து ஆரம்பிக்குது.

எங்க அம்மாயி சேலத்துக்காரங்க. வீட்டு மொட்டை மாடியில் நின்னா சேர்வராயன் மலை தெரியும். எழுபது வருஷமா கீழே இருந்தே அதைப் பார்த்தவங்க, ஒரு தடவைகூட மேலே ஏறினதில்லை. போன வருஷம் நான் புதுசா ஒரு மிரர்லெஸ் கேமரா வாங்கினேன். வாங்கின கையோட அவங்களைக் கார்ல ஏத்தி, இருபது கொண்டை ஊசி வளைவும் தாண்டி, ஏற்காட்டில் லேடீஸ் சீட்டுக்குக் கூட்டிட்டுப் போனேன். அங்கிருந்து கீழே சேலம் முழுக்கத் தெரியும். தன்னோட ஊரை மேலே இருந்து பார்க்கணும்னு அம்மாயிக்கு ஆசை. ஆனா அன்னிக்கு ஒரே மூடுபனி. பரவாயில்லைன்னு சிரிச்சுக்கிட்டு நின்னாங்க. ஆட்டோ மோடில் நாப்பது போட்டோ எடுத்தேன்.

வீட்டுக்கு வந்து லேப்டாப்ல பார்த்தா, வெள்ளைப் பனி அழுக்குச் சாம்பலா இருக்கு, அம்மாயி முகம் கரிக்கட்டையா இருக்கு. நாப்பதும் அப்படித்தான்.

ஏன் இப்படி ஆச்சுன்னு தேடப் போனவன், எங்கேயோ போய் 1857-ல மாட்டிக்கிட்டேன்.

லின்னேயஸ் ட்ரைப்னு ஒரு கேப்டன். 1822-ல இங்கிலாந்தில் பிறந்தவர், கிழக்கிந்தியக் கம்பெனியின் மெட்ராஸ் ராணுவத்தில் அதிகாரி. 1856-ல மெட்ராஸ் அரசு அவரை அரசாங்கப் புகைப்படக்காரரா நியமிச்சது. 1857 டிசம்பர்ல பெங்களூரில் இருந்து கிளம்பி சேலம் ஜில்லா, ஸ்ரீரங்கம், திருச்சி, மதுரை, புதுக்கோட்டை, தஞ்சாவூர்னு சுத்தி, சுமார் நாலு மாசத்தில் மெட்ராஸ் வந்து சேர்ந்தார். அந்தப் பயணத்தில் வந்த ஆல்பங்களில் ஒண்ணு, ராயக்கோட்டையும் சேலம் ஜில்லாவின் மற்ற இடங்களும். ராயக்கோட்டை இன்னிக்குக் கிருஷ்ணகிரி மாவட்டம். அன்னிக்கு அதுவும் நம்ம ஏற்காடும் ஒரே ஜில்லா.

அவரோட நெகட்டிவ் பெரும்பாலும் கண்ணாடி இல்லை, ஃபிலிமும் இல்லை. காகிதம். மெழுகு தடவின காகிதத்தை அயோடைடு கரைசலில் ஊற வெச்சு, அப்புறம் சில்வர் நைட்ரேட்டில் முக்கி, கேமராவுக்குள்ள வெப்பாங்க. சுமார் 12-க்கு 15 அங்குலம், பெரிய காலண்டர் சைஸ். எக்ஸ்போஷர் நிமிஷக்கணக்கில். நல்ல விஷயம் என்னன்னா, முன்கூட்டியே தயார் பண்ணி வெச்சுக்கலாம், எடுத்ததைக் கொஞ்ச நாள் கழிச்சுக்கூட டெவலப் பண்ணலாம். மாட்டு வண்டியில் ஊர் ஊரா போறவருக்கு அதுதான் தோது.

இப்போ என் அம்மாயி கதைக்கும் இவருக்கும் என்ன சம்பந்தம்? அந்தக் காகிதத்துக்கு நீல வெளிச்சம்தான் நல்லாத் தெரியும், பச்சை சரியாத் தெரியாது. கோபுரத்துக்கும் மரத்துக்கும் போதுமான அளவு திறந்து வெச்சா, வானம் வெந்து வெறும் வெள்ளையாகிடும். வானத்தைப் பிடிக்கணும்னு சீக்கிரம் மூடினா மரமெல்லாம் கறுப்புத் திட்டு. ரெண்டும் ஒரே காகிதத்தில் அடங்காது.

நம்ம சென்சாரிலும் அதே பிரச்சனைதான், அளவுதான் வேற. ரொம்ப வெளிச்சத்தையும் ரொம்ப இருட்டையும் ஒரே ஷாட்டில் பிடிக்க அதுக்கு ஒரு எல்லை இருக்கு. அதோட கேமராவின் மீட்டர் ஒரு முட்டாள் அனுமானம் வெச்சிருக்கு: உலகத்தைச் சராசரியாப் பார்த்தா நடுத்தரச் சாம்பல் நிறம். பனியைக் காட்டினா, "அய்யோ வெளிச்சம் ஜாஸ்தி"ன்னு குறைச்சுடும். அதான் அழுக்குச் சாம்பல். பின்னாடி பனி இருந்தா முன்னாடி நிக்கிற முகம் இன்னும் இருட்டாகும்.

தீர்வு ஒரு டயல்தான். எக்ஸ்போஷர் காம்பன்சேஷன், ப்ளஸ் மைனஸ் போட்டிருக்குமே அது. வெறும் பனின்னா +1 வரைக்கும் ஏத்துங்க. பனிக்கு முன்னாடி ஆள் நின்னா அதுக்கும் கொஞ்சம் மேல, முகம் சரியாத் தெரியுற வரைக்கும். ஹிஸ்டோகிராமை ஆன் பண்ணுங்க. மலை மொத்தமும் வலது சுவரில் மோதி நின்னா அங்கே விவரம் செத்துப்போச்சுன்னு அர்த்தம். செத்தது பனின்னா பரவாயில்லை. முகம்னா திரும்ப எடுங்க. ஷட்டரை அமுக்கறதுக்கு முன்னாடி எதைக் காப்பாத்தணும், எதை விட்டுடலாம்னு நீங்க முடிவு பண்ணணும். நான் பண்ணலை. கேமரா எனக்குப் பதிலா முடிவு பண்ணி, பனியைக் காப்பாத்திடுச்சு.

ட்ரைப் கட்டடத்தைக் காப்பாத்தினார், வானத்தை விட்டார். அப்புறம் என்ன பண்ணார் தெரியுமா? நெகட்டிவ் மேலேயே வண்ணம் தொட்டு மேகம் வரைஞ்சார், இலைகளைத் திருத்தினார். எடிட் பண்ணாத போட்டோதான் உண்மையான போட்டோன்னு கமெண்ட்ல சண்டை போடறவங்களை நான் இவர்கிட்ட அனுப்பிடறேன். நம்ம லெவலுக்கு: ஜேபெக் மட்டும் வேண்டாம், ரா ஃபார்மேட்டும் சேர்த்து வெச்சுக்கோங்க. என் நாப்பதும் வெறும் ஜேபெக். நிழலைத் தூக்கினா முகம் முழுக்கப் புள்ளி புள்ளியா வந்தது.

நிமிஷக்கணக்கில் திறந்திருந்தா இன்னொண்ணும் நடக்கும். நடமாடற மனுஷங்க பதியவே மாட்டாங்க. பழைய போட்டோக்களில் தெருவெல்லாம் காலியா இருக்கிறதுக்கு அது ஒரு முக்கியமான காரணம். ஊரில் ஆளே இல்லைன்னு நினைச்சுடாதீங்க. இந்த வித்தையைக் கிளியூர் அருவியில் நீங்களே பார்க்கலாம். ட்ரைபாட் போட்டு, ஐஎஸ்ஓ 100, ஷட்டர் கால் விநாடி. தண்ணி பட்டுத்துணி மாதிரி வழியும். கையில் பிடிச்சு எடுக்கறதுன்னா 50 மி.மீ. லென்ஸுக்கு 1/80-க்குக் கீழே போகாதீங்க.

ட்ரைப்போட ஒரு வேலை மட்டும் என்னை அசர வெச்சுது. தஞ்சைப் பெரிய கோயில் அடிப்பகுதியைச் சுத்தி ஓடற கல்வெட்டைப் பகுதி பகுதியா எடுத்து, 21 பிரிண்ட்டை ஒட்டி ஒரே படமாக்கினார். நீளம் அஞ்சு மீட்டருக்கும் மேல. நாம பனோரமா ஒட்டும்போது செய்யற அதே வேலை: ஒவ்வொரு ஃப்ரேமும் பக்கத்து ஃப்ரேமோட மூணுல ஒரு பங்கு ஒட்டி வரணும், எக்ஸ்போஷரை மேனுவலில் பூட்டிடணும், இல்லைன்னா ஒட்டின இடத்தில் பட்டை பட்டையாத் தெரியும். நமக்கு சாஃப்ட்வேர் ஒட்டித் தருது. அவர் கையால் செஞ்சார்.

1859-ல கவர்னரா வந்த சார்லஸ் ட்ரெவெல்யன் கணக்கைப் பார்த்தார், இது அநாவசியச் செலவுன்னு முடிவு பண்ணார், கடையை மூடச் சொல்லிட்டார். நம்ம ஆபீஸில் ப்ராஜெக்ட்டை மூடற மாதிரியேதான். அந்தப் போட்டோக்கள் இன்னிக்கு லண்டன் விக்டோரியா அண்ட் ஆல்பர்ட் மியூசியம் மாதிரி இடங்களில் இருக்கு.

இந்த வருஷம் அம்மாயியை மறுபடியும் கூட்டிட்டுப் போனேன். ஏசி கார்ல இருந்து இறங்கினதும் லென்ஸில் ஈரம் படியும்னு கத்துக்கிட்டதால, கடைசி வளைவுகளில் ஏசியை நிறுத்தி ஜன்னலைத் திறந்துட்டேன். லேடீஸ் சீட்டில் அன்னிக்கும் பனிதான். டயலை +1.3-க்குத் திருப்பி, ரா-வில், நாலே நாலு எடுத்தேன். முகத்தில் சுருக்கம், மூக்குத்தி, எல்லாம் வந்திருக்கு. பின்னாடி வெறும் வெள்ளை.

பிரிண்ட் போட்டுக் கொடுத்தேன். கண்ணாடியை மாட்டிக்கிட்டு ரொம்ப நேரம் பார்த்தாங்க.

"நான் நல்லாத்தான் இருக்கேன். ஏற்காடு எங்க கண்ணு?"