நியூயார்க் போலீசின் கணக்குப் புத்தகம்

முதலில் இரண்டு எண்கள். 2011-ஆம் ஆண்டு நியூயார்க் நகரத்தில் 14 முதல் 24 வயது வரை உள்ள கறுப்பின ஆண்கள் 1,58,406 பேர். அதே வருடம் அதே வயதுக் கறுப்பின ஆண்களை போலீசார் தெருவில் நிறுத்தி விசாரித்தது 1,68,126 தடவை.

என்ன, கணக்கு உதைக்கிறதா? இல்லை, இரண்டும் சரியான எண்கள்தான். ஊரில் இருக்கும் ஆட்களை விட நிறுத்திய தடவைகள் அதிகம். அதாவது ஒரே பையனைத் திரும்பத் திரும்ப நிறுத்தியிருக்கிறார்கள்.

இதில் என்னைப் பிடித்து இழுத்த விஷயம் வேறு. இரண்டாவது எண்ணை யாரும் வெளியிலிருந்து கண்டுபிடிக்கவில்லை. போலீஸ்காரர்கள் தங்கள் கையாலேயே எழுதி வைத்த படிவங்களைக் கூட்டினால் வருகிற எண் அது. நான் பி.காம் படிக்கிறவன், சட்டம் என் பாடமில்லை. ஆனால் ஆடிட்டிங் படிக்கிற யாருக்கும் இந்தக் கதை சுவாரசியமாக இருக்கும். ஒரு பெரிய அரசுத் துறை தன்னுடைய பேரேட்டாலேயே மாட்டிக்கொண்ட கதை இது.

லாந்தர் சட்டம்

கொஞ்சம் பின்னாலிருந்து ஆரம்பிப்போம். நியூயார்க் என்றால் சுதந்திர தேவி சிலைதான் நமக்கு ஞாபகம் வரும். ஆனால் அந்த ஊரிலும் அடிமைகள் இருந்தார்கள். 1712-ல் அங்கே ஓர் அடிமைக் கலகம் நடந்தது. அடுத்த வருடம் நகர நிர்வாகம் ஒரு சட்டம் போட்டது. 14 வயதுக்கு மேற்பட்ட கறுப்பின, செவ்விந்திய அடிமைகள் இருட்டிய பிறகு எஜமானர் துணையில்லாமல் தெருவில் நடந்தால் கையில் எரியும் விளக்கு இருக்க வேண்டும். இல்லையென்றால் யார் வேண்டுமானாலும் பிடித்துக் கொடுக்கலாம். தண்டனை சவுக்கடி.

திருடினானா, அடித்தானா என்ற கேள்வியே அதில் கிடையாது. தெருவில் நடந்தான், விளக்கில்லை, அவ்வளவுதான் குற்றம்.

தெற்கு மாநிலங்களில் இதற்கென்றே ரோந்துப் படைகள் இருந்தன. தென் கரோலினாவில் 1704-லேயே அது தொடங்கிவிட்டது. அடிமையை வழியில் நிறுத்தி, எஜமானர் எழுதிக் கொடுத்த சீட்டு இருக்கிறதா என்று பார்ப்பது அவர்கள் வேலை. 1865-ல் அடிமை முறை ஒழிந்தது. அதே வருடம் மிசிசிப்பி மாநிலம், வேலைக்கான அத்தாட்சி இல்லாத கறுப்பின மக்களை 'சோம்பித் திரிபவர்' என்று பிடிக்கச் சட்டம் போட்டது. மற்ற தெற்கு மாநிலங்களும் பின்னாலேயே வந்தன. இப்படிச் சும்மா திரிந்தால் பிடிக்கலாம் என்கிற சட்டங்களை உச்ச நீதிமன்றம் தெளிவாகச் செல்லாது என்று சொன்னது 1972-ல்தான். ஆனால் அதற்கு நான்கு வருடம் முன்பே இன்னொரு கதவு திறந்திருந்தது.

ஒரு மதிய நேரம், ஒரு ஜவுளிக் கோட்டு

1963 அக்டோபர் 31. ஓஹையோ மாநிலம் கிளீவ்லாந்து நகரம். மார்ட்டின் மெக்ஃபாடன் என்ற துப்பறியும் போலீஸ்காரர் மஃப்டியில் கடைத்தெருவில் நிற்கிறார். முப்பது வருடமாக அதே பகுதியில் பிக்பாக்கெட்காரர்களைப் பிடித்துப் பழகியவர். இரண்டு கறுப்பின ஆண்கள் மாறி மாறி ஒரு கடையின் கண்ணாடி வழியாக எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார்கள். ஒரு தடவை இரண்டு தடவை இல்லை, மொத்தம் ஒரு டஜன் தடவை. மூன்றாவதாக ஒரு வெள்ளைக்காரரும் வந்து பேசிவிட்டுப் போகிறார். கொள்ளைக்கு நோட்டம் பார்க்கிறார்கள் என்று சந்தேகப்பட்ட மெக்ஃபாடன், பெயரைக் கேட்டு, ஒருவரைத் திருப்பி உடம்பைத் தடவிப் பார்த்தார். ஜான் டெர்ரியின் கோட்டுக்குள் துப்பாக்கி இருந்தது.

வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. கைது செய்ய வேண்டுமானால் வலுவான ஆதாரம் வேண்டும் என்பது அமெரிக்க அரசியல் சாசனத்தின் நான்காவது திருத்தம் தரும் பாதுகாப்பு. மெக்ஃபாடனிடம் அந்த அளவு ஆதாரம் இல்லை. ஆனாலும் 1968 ஜூன் 10 அன்று, எட்டு நீதிபதிகள் ஒரு பக்கம், ஒருவர் மட்டும் எதிர்ப் பக்கம் என்று தீர்ப்பு வந்தது. 'நியாயமான சந்தேகம்' இருந்தால் போதும், நிறுத்தலாம். ஆயுதம் வைத்திருப்பான் என்று நியாயமான காரணத்தோடு நினைத்தால் மேலாகத் தடவிப் பார்க்கலாம். தீர்ப்பை எழுதியவர் தலைமை நீதிபதி எர்ல் வாரன். பள்ளிகளில் இனப் பாகுபாடு கூடாது என்று 1954-ல் தீர்ப்புச் சொன்ன அதே வாரன்தான்!

டெர்ரி கறுப்பினத்தவர் என்று அந்தத் தீர்ப்பில் எங்கேயும் கிடையாது. ஆனால் போலீசார் தொல்லை கொடுப்பதாகக் கறுப்பின மக்கள் அடிக்கடி புகார் சொல்வதை அது குறிப்பிடுகிறது. தெரிந்தேதான் கதவைத் திறந்தார்கள் என்று சொல்ல வேண்டும்.

மெக்ஃபாடன் ஒரு டஜன் தடவை பார்த்த பிறகு நிறுத்தினார். பின்னால் வந்தவர்கள் அவ்வளவு பொறுமையாக இருந்தார்களா?

41 குண்டுகள்

1999 பிப்ரவரி 4. நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதி. கினி நாட்டிலிருந்து பிழைக்க வந்த அமடு டியாலோ என்ற இளைஞர் தன் வீட்டு வாசலில் நிற்கிறார். மஃப்டியில் வந்த நான்கு போலீஸ்காரர்கள் அவரை நெருங்குகிறார்கள். அவர் சட்டைப் பக்கம் கையைக் கொண்டு போகிறார். துப்பாக்கி எடுக்கிறான் என்று சுட ஆரம்பிக்கிறார்கள். 41 குண்டுகள். 19 அவர் உடம்பில் பாய்ந்தன. அவர் கையில் இருந்தது பர்ஸ். வேறு ஆயுதம் எதுவும் இல்லை. அடுத்த வருடம் நான்கு பேரும் விடுதலை ஆனார்கள்.

ஊர் கொதித்தது. அந்தப் போராட்டங்களில் இருந்து மூன்று காரியங்கள் நடந்தன. மாநில அட்டர்னி ஜெனரல் எலியட் ஸ்பிட்சர், போலீசார் நிரப்பிய சுமார் 1,75,000 படிவங்களை எடுத்து ஆராய்ந்தார். நகரத்தில் கறுப்பின மக்கள் கால் பங்கு, நிறுத்தப்பட்டவர்களில் பாதி என்று தெரிந்தது. 2001-ல் நகர மன்றம் ஒரு சட்டம் போட்டு, இந்தக் கணக்கை மூன்று மாதத்துக்கு ஒரு முறை தன்னிடம் தர வேண்டும் என்றது. 1999-ல் தொடுத்த ஒரு வழக்கு 2003-ல் சமரசமாக முடிந்து, இனம் பார்த்து நிறுத்தக் கூடாது என்று துறை எழுத்தில் கொடுத்தது.

அப்புறம் குறைந்திருக்கும் என்றுதானே நினைப்பீர்கள்? இதோ கணக்கு:

2002 – 97,296
2004 – 3,13,523
2006 – 5,06,491
2011 – 6,85,724

ஒன்பது வருடத்தில் ஏழு மடங்கு! இந்த வருடங்கள் முழுவதும் மேயர் மைக்கேல் புளூம்பெர்க், போலீஸ் கமிஷனர் ரேமண்ட் கெல்லி.

டார்கெட் என்னும் வியாதி

ஏன் இப்படி ஏறியது? சேல்ஸ் வேலை பார்த்த யாரையாவது கேளுங்கள், சொல்வார்கள். 1994 முதல் நியூயார்க் போலீசில் 'காம்ப்ஸ்டாட்' என்று ஒரு முறை இருந்தது. ஒவ்வொரு சரக அதிகாரியும் மேலதிகாரிகள் முன்னால் நின்று தன் பகுதிப் புள்ளிவிவரத்துக்குப் பதில் சொல்ல வேண்டும். குற்றத்தைக் குறைத்துக் காட்டுவது கஷ்டம். 'எத்தனை பேரை நிறுத்தினோம்' என்பதைக் கூட்டிக் காட்டுவது சுலபம். அந்த அழுத்தம் அப்படியே கீழே இறங்கியது. புரூக்ளினின் 81-வது சரகத்தில் ஏட்ரியன் ஸ்கூல்கிராஃப்ட் என்ற போலீஸ்காரர் மேலதிகாரிகள் பேசுவதை ரகசியமாகப் பதிவு செய்தார். எண்ணிக்கை காட்டச் சொல்லி விரட்டுவது அந்த டேப்புகளில் இருந்தது. 2010-ல் அவை வெளியே வந்தன.

யு.எஃப்.250 என்பது அந்தப் படிவத்தின் பெயர். ஏன் நிறுத்தினாய் என்பதற்குக் கட்டங்கள் இருக்கும், டிக் அடித்தால் போதும். போலீசார் அதிகம் டிக் அடித்ததில் ஒன்று 'மறைவான அசைவுகள்'. அப்படியென்றால் என்ன என்று பின்னால் நீதிமன்றத்தில் கேட்டபோது, நடக்கும் திசையை மாற்றுவது, ஒரு மாதிரி நடப்பது, பதற்றமாக இருப்பது என்றெல்லாம் சொன்னார்கள். போலீசைப் பார்த்தால் யார்தான் பதறாமல் இருப்பார்கள்? எந்தக் குற்றத்துக்காகச் சந்தேகம் என்றே எழுதாத படிவங்கள் 2004-ல் 1 சதவீதம். 2009-ல் 36 சதவீதம். வவுச்சரில் எதற்காகச் செலவு என்று எழுதாமலே பணம் எடுப்பது மாதிரி.

தணிக்கை

2008-ல் டேவிட் ஃபிளாய்ட் என்பவரும் வேறு சிலரும் நகரத்தின் மேல் வழக்குப் போட்டார்கள். 2013-ல் நீதிபதி ஷிரா ஷைண்ட்லின் முன் விசாரணை. கொலம்பியா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜெஃப்ரி ஃபேகன் அந்தப் படிவங்களை எல்லாம் ஆராய்ந்து கொடுத்தார். 2004 ஜனவரி முதல் 2012 ஜூன் வரை 44 லட்சம் தடவை நிறுத்தியிருக்கிறார்கள். அதில் 52 சதவீதம் கறுப்பினத்தவர். மக்கள்தொகையில் அவர்கள் பங்கு 23 சதவீதம்.

88 சதவீதம் நிறுத்தல்களில் கைதும் இல்லை, சம்மனும் இல்லை, போ என்று விட்டுவிட்டார்கள். 44 லட்சத்தில் 88 சதவீதம் என்றால் சுமார் 39 லட்சம் தடவை. உடம்பைத் தடவிப் பார்த்ததில் ஆயுதம் கிடைத்தது 1.5 சதவீதம்தான்.

போலீஸ் தரப்பு வாதத்தையும் சொல்லிவிட வேண்டும். "குற்றம் செய்பவர்களில் கறுப்பினத்தவர் அதிகம் என்று புகார் கொடுப்பவர்களே சொல்கிறார்கள், அந்த விகிதத்தில்தான் நிறுத்துகிறோம்" என்றார்கள். கேட்க நியாயம் மாதிரி இருக்கிறது அல்லவா? நீதிபதி ஒரே கேள்வியில் அதை உடைத்தார். நீங்கள் நிறுத்தியவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் குற்றமே செய்யவில்லையே, பிறகு குற்றவாளிகளின் விகிதத்தோடு எப்படி ஒப்பிடலாம்?

இன்னொரு சோதனையும் இருக்கிறது. 1992-ல் பொருளாதார நோபல் வாங்கிய கேரி பெக்கர், வங்கிக் கடனை வைத்து ஒரு வழி சொன்னார். வங்கி பாகுபாடு காட்டுகிறதா என்று தெரிய, யாருக்குக் கொடுத்த கடன் நன்றாகத் திரும்பி வருகிறது என்று பாருங்கள். ஒரு பிரிவினரின் கடன் மற்றவர்களை விட நன்றாக வசூலானால், அவர்களிடம் மட்டும் கூடுதல் தகுதி கேட்டுக் கடன் கொடுத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். இதை இங்கே பொருத்துங்கள். வெள்ளையரை நிறுத்தியபோது ஆயுதம் கிடைத்தது 1.4 சதவீதம். கறுப்பினத்தவரிடம் 1.0 சதவீதம். அதாவது வெள்ளையரை நிறுத்தக் கொஞ்சம் பலமான காரணம் தேவைப்பட்டது. கறுப்பினத்தவரை நிறுத்த அதை விடக் குறைந்த காரணமே போதுமாக இருந்தது.

2013 ஆகஸ்ட் 12 அன்று தீர்ப்பு வந்தது. நியூயார்க் போலீஸ் அரசியல் சாசனத்தை மீறியது, இனம் பார்த்து நிறுத்தியது. துறையைக் கண்காணிக்க ஒருவரும் நியமிக்கப்பட்டார். மேல் நீதிமன்றம் ஷைண்ட்லினை அந்த வழக்கிலிருந்தே விலக்கியது தனிக்கதை. 2014-ல் புது மேயராக வந்த பில் டி பிளாசியோ மேல்முறையீட்டைக் கைவிட்டார், தீர்ப்பு நின்றது.

அப்புறம் என்ன ஆனது?

நிறுத்துவதை விட்டால் கொலைகள் பெருகும் என்று பயமுறுத்தினார்கள். 2011-ல் 6,85,724 நிறுத்தல்கள், 515 கொலைகள். 2017-ல் நிறுத்தல்கள் சுமார் 11,600, கொலைகள் 292. நிறுத்தாததால்தான் கொலை குறைந்தது என்று நான் சொல்ல வரவில்லை. பயமுறுத்தியது நடக்கவில்லை, அவ்வளவுதான். 2019 நவம்பரில் புளூம்பெர்க் புரூக்ளினில் கறுப்பின மக்கள் கூடும் ஒரு தேவாலயத்துக்குப் போய், தான் செய்தது தவறு என்று மன்னிப்புக் கேட்டார்.

கதை இங்கே முடிந்திருந்தால் நன்றாக இருக்கும். ஆனால் நிறுத்திவிட்டு எழுதாமல் விடுகிறார்கள் என்று கண்காணிப்பாளரின் அறிக்கைகளே சொல்லின. கணக்கு மாட்டிவிடும் என்று தெரிந்தால் கணக்கே எழுதாமல் இருப்பது எல்லாத் தொழிலிலும் உள்ள பழக்கம்தானே. அதனால் சாதாரணமாகக் கூப்பிட்டு விசாரிப்பதைக்கூடப் பதிவு செய்ய வேண்டும் என்று 2023 டிசம்பரில் நகர மன்றம் ஒரு சட்டம் நிறைவேற்றியது. மேயர் எரிக் ஆடம்ஸ் அதைத் தடுத்து நிறுத்தினார். போலீஸ்காரர் நேரமெல்லாம் எழுதுவதிலேயே போய்விடும் என்பது அவர் வாதம். 2024 ஜனவரி 30 அன்று நகர மன்றம் அந்தத் தடையை மீறிச் சட்டத்தை நிறைவேற்றியது.

இந்த ஆடம்ஸ் யார் தெரியுமா? முன்னாள் போலீஸ் கேப்டன், கறுப்பினத்தவர். 2013 வழக்கில் போலீசுக்கு எதிராகச் சாட்சி சொன்னவர்! 'கறுப்பின, லத்தீன் இளைஞர்கள் வீட்டை விட்டுக் கிளம்பும்போதே, நம்மை நிறுத்துவார்கள் என்ற பயம் இருக்க வேண்டும்' என்ற பொருளில் கமிஷனர் கெல்லி தன்னிடம் சொன்னதாக அன்று சாட்சியம் அளித்தார். கெல்லி அதை மறுத்தார். பதினோரு வருடத்துக்குள் அதே ஆடம்ஸ், எழுத வேண்டாம் என்ற பக்கம் நின்றார்.

போலீசுக்கு நிறுத்தும் அதிகாரமே வேண்டாம் என்பது என் கருத்து அல்ல. மெக்ஃபாடன் பிடித்த துப்பாக்கி நிஜத் துப்பாக்கிதான். ஆனால் அந்த 39 லட்சம் தடவைகளில் ஒவ்வொன்றிலும் ஒருவர் நடுத்தெருவில், அக்கம்பக்கத்தார் பார்க்க, சுவரில் கை வைத்தோ அடையாள அட்டையைத் தேடிக்கொண்டோ நின்றிருப்பார். முடிந்ததும் தட்டிவிட்டுக்கொண்டு வேலைக்கோ பள்ளிக்கோ போயிருப்பார். 1713-ல் விளக்கில்லாமல் பிடிபட்ட 14 வயதுப் பையனைப் பற்றி இன்று நமக்கு எந்த விவரமும் தெரியாது. 2011-ல் நிறுத்தப்பட்ட 14 வயதுப் பையனுக்கு, பெயர் இல்லாவிட்டாலும், ஒரு படிவம் இருந்தது. நீதிமன்றத்தில் அவனுக்காகப் பேசியது அந்தப் படிவம்தான். அதனால்தான், எழுதுவதற்கு நேரமில்லை என்று எந்தத் துறை சொன்னாலும் நாம் கொஞ்சம் உஷாராக இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.