நிலம் முன், படம் பின்



பூகோள வகுப்பு என்றவுடனே நம் மாணவர் பலருக்கு நினைவுக்கு வருவன இரண்டு பொருள்கள். ஒன்று கடையில் வாங்கும் எல்லைக்கோட்டுப் படம். மற்றொன்று வண்ணப் பென்சில். கடலுக்கு நீலம், மலைக்குப் பழுப்பு, ஆற்றின்மேல் ஆற்றின் பெயர். இவ்வளவில் பாடம் முடிந்துவிடுகிறது. இப்பயிற்சி பயனற்றது என்று நான் கூறவில்லை. ஆனால் அந்தப் படம் எப்படிப் பிறந்தது, யார் அளந்தார், எதைக்கொண்டு அளந்தார் என்னும் வினா மாணவர் உள்ளத்தில் எழுவதில்லை. அச்சகத்திலிருந்து வந்தது என்பதோடு அவர்கள் அமைதி அடைந்துவிடுகிறார்கள். அவ்வினாவிற்கு விடை நம் சென்னைக்கு அருகிலேயே இருக்கிறது. அந்த வரலாற்றையும், அதிலிருந்து ஆறாம் ஏழாம் வகுப்பு மாணவர் கற்கத்தக்கது யாது என்பதையும் இன்று எடுத்துரைக்க விரும்புகிறேன்.

அளக்காமலும் படம் வரையலாம். பழங்காலத்தில் அவ்வாறே வரைந்தார்கள். கி.பி. 2ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவில் வாழ்ந்த தாலமி என்னும் பேரறிஞர், நம் கொற்கையையும் காவிரிப்பூம்பட்டினத்தையும் தம் நூலில் குறித்திருக்கிறார். ஆயினும் மாலுமிகளும் வணிகரும் சொல்லக் கேட்டே அவர் இப்பகுதியை அமைத்தார். ஆதலின் அவர் கணக்கில் இலங்கை உள்ளதைவிடப் பன்மடங்கு பெரிதாயிற்று. தெற்கே நீண்டு செல்லும் நம் தீபகற்பமோ, ஏறக்குறைய இல்லாமலே போயிற்று. அறிவிற் குறைந்தவரல்லர் தாலமி. நிலத்தை அளந்தவர் அவருக்குக் கிடைக்கவில்லை, அவ்வளவே.

அளப்பவர் சென்னைக்கு வந்தது 18ஆம் நூற்றாண்டின் இறுதியில். கிழக்கிந்தியக் கம்பெனியாரின் வானாராய்ச்சி நிலையம் 1792இல் நுங்கம்பாக்கத்தில் அமைந்தது. மைக்கேல் டாப்பிங் என்பவர் முயற்சியால் 1794இல் நில அளவைப் பள்ளி ஒன்று தொடங்கப்பெற்றது. அதில் முதலில் சேர்ந்தவர் எட்டுச் சிறுவர்களே. அச்சிறு பள்ளியே பின்னர் வளர்ந்து கிண்டிப் பொறியியல் கல்லூரி ஆயிற்று. நிலப்படக் கலை சிறுவர் அறிவுக்கு எட்டாதது என்று சொல்வோர், அந்த எட்டு மாணவரை நினைத்துப் பார்ப்பாராக.

இனி வில்லியம் லாம்டன் வரலாற்றுக்கு வருவோம். இவர் ஆங்கிலப் படையில் அதிகாரி. கணிதத்தில் தோய்ந்த உள்ளத்தர். 1802ஆம் ஆண்டு ஏப்ரல் 10ஆம் நாள், பரங்கிமலைக்கும் பெரும்பாக்கம் குன்றுக்கும் இடையே உள்ள சமவெளியில், ஏறத்தாழ ஏழரை மைல் நீளமுள்ள ஒரு நேர்கோட்டை அவர் அளக்கத் தொடங்கினார். அவர் கையிலிருந்தது 100 அடி நீளமுள்ள எஃகுச் சங்கிலி. அதை மரப்பெட்டிகளில் கிடத்தி, முக்காலிகளின் மேல் நிறுத்தி, மட்டம் பார்த்து, 400 முறை நீட்டி நீட்டி அளந்தார்கள். சித்திரை வெயிலில் எஃகு நீளுமே! ஆகவே பெட்டிதோறும் வெப்பமானி வைத்து, வெப்பத்திற்கேற்பக் கணக்கைத் திருத்தினார்கள். பல வாரங்கள் நடந்த இப்பணியில் சங்கிலி தூக்கியவரும் முக்காலி நட்டவரும் இந்நாட்டு எளிய மக்களே.

ஒரே ஒரு கோட்டுக்கு இத்துணைப் பாடு எதற்கு? விடையை உங்கள் கணக்குப் புத்தகமே சொல்லும். ஒரு முக்கோணத்தில் ஒரு பக்கத்தின் நீளமும் அதன் இரு முனைகளிலுள்ள கோணங்களும் தெரிந்தால், மற்ற இரு பக்கங்களையும் கணக்கிட்டே அறியலாம். நடந்து சென்று அளக்க வேண்டுவதில்லை. அவ்வாறு அறிந்த பக்கம் அடுத்த முக்கோணத்திற்கு அடிக்கோடு ஆகும். இப்படி முக்கோணத்தின்மேல் முக்கோணமாக நாடு முழுவதையும் பின்னிவிடலாம். ஆனால் முதற்கோட்டில் பிழை நேர்ந்தால், அப்பிழை நாடு முழுவதும் பரவிவிடும். பரங்கிமலையில் அவர் காட்டிய பொறுமைக்குக் காரணம் இதுவே.

பயன் என்ன விளைந்தது? சென்னையிலிருந்து மேற்கே மங்களூர்க் கடற்கரை வரை முக்கோணங்கள் சென்றன. தீபகற்பத்தின் அகலம் அங்கே ஏறத்தாழ 400 மைல் என்று அதுவரை படங்கள் காட்டிவந்தன. அளந்தபோதோ 360 மைல் என்றே தெரிந்தது. 40 மைல் அகலமுள்ள நிலம், நிலநடுக்கம் எதுவுமின்றி மறைந்துபோயிற்று! நிலம் மாறவில்லை, மாணவர்களே, படம்தான் மாறிற்று.

தஞ்சைச் சமவெளியில் வேறொரு இடர். அங்கே குன்றுகள் இல்லை. தென்னந்தோப்புகள் பார்வையை மறைத்தன. லாம்டன் நம் கோயிற் கோபுரங்களையே மலைச்சிகரங்களாகக் கொண்டார். 1808இல், கோணம் அளக்கும் பெருங்கருவியாகிய தியோடலைட்டைத் தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின்மேல் ஏற்றும்போது கயிறு அறுந்து, கருவி சுவரில் மோதிச் சிதைந்தது. அரை டன் எடையுள்ள அக்கருவி இலண்டனிலிருந்து வந்தது; மாற்றுக் கருவி இல்லை. லாம்டன் கூடாரத்துக்குள் புகுந்து, பல வாரங்கள் உழைத்து, வளைந்த வட்டத்தைத் தம் கையாலேயே சீர்செய்தார்.

அவர் 1823இல் மத்திய இந்தியாவில், பணிக்களத்திலேயே காலமானார். ஜார்ஜ் எவரெஸ்ட்டும் ஆண்ட்ரூ வாவும் பணியைத் தொடர்ந்தனர். முக்கோணங்கள் இமயத்தை எட்டின. வங்காளத்துக் கணித வல்லுநர் ராதாநாத் சிக்தார் கணக்கிட்ட 15ஆம் எண் சிகரமே உலகில் உயர்ந்தது எனத் தெளிந்து, 1856இல் அதன் உயரம் 29,002 அடி என வெளியிட்டார்கள். 2020இல் நேபாளமும் சீனாவும் செயற்கைக்கோள் துணையுடன் அளந்து அறிவித்த உயரம் 8,848.86 மீட்டர். இரண்டுக்கும் வேறுபாடு ஏறத்தாழ 30 அடிதான்!

கம்பெனியார் இதையெல்லாம் செய்தது நமக்குப் பாடம் சொல்வதற்காக அன்று. படை நடத்தவும் வரி தண்டவும் படம் வேண்டியிருந்தது. ஒரு படத்தை யார், எதற்காக வரைந்தார் என்று கேட்பதும் படம் படிக்கும் கலையில் ஒரு பகுதியே.

இவ்வரலாறு ஆசிரியர்க்கு உணர்த்தும் முறை ஒன்றுண்டு: முதலில் நிலம், பின்னர்ப் படம். சுவிட்சர்லாந்து நாட்டுக் கல்வியறிஞர் பெஸ்டலாஜி, இவர்தன் நகரில் 1805 முதல் 1825 வரை நடத்திய பள்ளியில் இதைச் செய்து காட்டினார். அவருடைய மாணவர் அருகிலிருந்த பள்ளத்தாக்குக்கு நடந்து சென்று பார்ப்பார்கள். அங்கிருந்து களிமண் கொணர்ந்து அப்பள்ளத்தாக்கை மேசைமேல் உருவாக்குவார்கள். அதன் பின்னரே நிலப்படத்தைக் காண்பார்கள். புவியியலுக்குப் புதுநெறி வகுத்த கார்ல் ரிட்டர் 1807இல் அங்குச் சென்று அம்முறையைக் கண்டவர்.

ஆசிரியப் பயிற்சிக் கல்லூரியில் இதைப் படித்த நான், என் வகுப்பிலும் இவ்வழியே சென்றேன். முதல் நாள் வகுப்பறையை அளப்போம். அறை 8 மீட்டர் நீளம், 6 மீட்டர் அகலம் என்றால், ஒரு மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டராகத் தாளில் வரைவோம். அதில் பெஞ்சு, மேசை எல்லாம் இடம்பெறும். மறுநாள் 120 மீட்டர் நீளமுள்ள விளையாட்டுத் திடல். இப்பொழுது 10 மீட்டருக்கு ஒரு சென்டிமீட்டர். அப்படத்தில் வகுப்பறை ஒரு சிறு கட்டமாகும், பெஞ்சுகள் மறைந்துவிடும். "இந்தியப் படத்தில் நம் ஊர் ஏன் இல்லை, ஐயா?" என்று ஆண்டுதோறும் ஒரு மாணவன் கேட்பான். 100 கிலோமீட்டரை ஒரு சென்டிமீட்டராக்கிய படத்தில், ஒரு கிலோமீட்டர் அகலமுள்ள ஊர் பென்சில் கோட்டினும் மெலிந்துவிடும் என்று அவனே கணக்கிட்டு அறிவான். அளவுத்திட்டம் என்பது அன்று அவனுக்கு விளங்கிவிடும்.

அடுத்தது திசை. நண்பகல் நிழல் வடக்கே விழும் என்று மனப்பாடம் செய்தவன், ஜூன் மாதம் சென்னையில் ஒரு கோலை நட்டுப் பார்த்தால் திகைப்பான். நிழல் தெற்கே விழும். ஏப்ரல் இறுதியிலிருந்து ஆகஸ்டு நடுப்பகுதி வரை நண்பகலில் சூரியன் நம் தலைக்கு வடக்கே நிற்பதே காரணம். ஆகவே கோலைச் சுற்றி ஒரு வட்டம் வரைக. முற்பகலில் நிழலின் நுனி வட்டத்தைத் தொடும் இடத்தையும், பிற்பகலில் தொடும் இடத்தையும் குறித்து இணைத்தால், அதுவே மேற்குக் கிழக்குக் கோடு. இவ்வித்தை நமக்குப் புதிதன்று. அரண்மனைக்கு மனை வகுத்தோர் கோல் நட்டு, அதன் நிழல்கொண்டு திசை தெளிந்த செய்தி நெடுநல்வாடையில் இருக்கிறது.

மூன்றாவது, லாம்டன் பாடம். திடலில் 20 மீட்டர் அடிக்கோடு ஒன்றை அளந்து, இரு முனைகளிலிருந்தும் கிணற்றுக்கு அப்பாலுள்ள வேப்பமரத்தைக் கோணமானியால் குறிபார்த்து, தாளில் வரைந்து தொலைவைக் காண்பது. பின்னர் நாடாவைப் பிடித்துச் சரிபார்த்து, கணக்கும் நிலமும் ஒத்துவரும்போது மாணவர் முகத்தில் தோன்றும் ஒளியை வேறு எந்தப் பாடத்திலும் நான் கண்டதில்லை.

கையில் உள்ள தொலைபேசியே வழிகாட்டும்போது இவை எதற்கு என்று கேட்கலாம். அம்புக்குறி வழியைக் காட்டும். நிலத்தின் இயல்பைக் கூறாது. இந்திய நில அளவைத் துறையின் படங்களில் ஒரு கிலோமீட்டருக்கு 2 சென்டிமீட்டர் என்ற அளவில் மேடும் பள்ளமும் சம உயரக்கோடுகளால் காட்டப்பெறும். ஏரிக்கும் சதுப்புக்கும் தனித்தனிக் குறியீடுகள் உண்டு. லாம்டன் அளந்த அதே சமவெளியை ஒட்டிப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலம் கிடக்கிறது. மழைநீர் தங்கிச் செல்லும் அந்நிலத்தின் பெரும்பகுதி, நகரம் வளர்ந்தபோது வீடுகளாகவும் சாலைகளாகவும் மாறிற்று. 2015 டிசம்பரில் வேளச்சேரி முதலிய பகுதிகள் வெள்ளத்தில் மூழ்கியபோது, நீர் தன் பழைய இடத்தைத் தேடி வந்ததை உலகம் கண்டது. இந்திய நில அளவைக்குத் தொடக்கமான இடத்திற்கு அருகிலேயே, படம் சொன்னதைக் கேளாமல் வீடு கட்டினோம் என்பது நாம் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி.

மாணவர்களே, நாளை வீடு கட்டுவோரும் மனை வாங்குவோரும், அதற்கு ஒப்புதல் கையெழுத்து இடுவோரும் நீங்களே. வரும் விடுமுறை நாளில் ஒரு கயிறும் ஒரு கோலும் எடுத்துக்கொண்டு, உங்கள் தெருவை அளந்து படம் வரையுங்கள். மழைநீர் எப்பக்கம் ஓடுகிறது என்பதையும் அதில் ஓர் அம்பினால் குறியுங்கள். அதன் பிறகு எந்த நிலப்படத்தை விரித்தாலும், அது உங்களோடு பேசும்.