முதல் கயாக் ட்ரிப்: காவிரியா, பிச்சாவரமா, மன்றோ தீவா?

ஏற்காடு ஏரியில் அரை மணி நேரம் படகு ஓட்டுவது ஜாலி. ஆனா, கயாக் டூரிங் வேற லெவல். ஒரு கரையில் கிளம்பி, துடுப்பு போட்டு, சில மணி நேரம் தண்ணியிலேயே பயணிக்கணும். ஆட்டையாம்பட்டி மாதிரி கடல் பார்க்காத ஊரிலிருந்து கிளம்புறவங்க முதல் ட்ரிப்புக்கு எங்கே போகலாம்?

இடத்துக்கு முன்னாடி கணக்கு

புதுசா துடுப்பு போடுறவங்க மணிக்கு 3 முதல் 4 கி.மீ. போனாலே நல்ல வேகம். கை, தோள் வலி சீக்கிரமே வந்துடும். அதனால் முதல் ட்ரிப்புக்கு மொத்தமா 6 முதல் 8 கி.மீ. போதும். தேர்ந்தெடுக்கும் இடத்தில் இந்த நாலும் இருக்கான்னு பாருங்க:

* இழுத்துட்டுப் போகாத, அமைதியான தண்ணி
* நினைச்ச இடத்தில் ஒதுங்க பக்கத்திலேயே கரை
* பலத்த காற்றைத் தடுக்கும் மரங்களோ, குறுகிய கால்வாயோ
* வழி தெரிஞ்ச உள்ளூர் கைடு

காவிரி வேண்டாமே!

நமக்குப் பக்கம் காவிரிதான். ஆனா, முதல் ட்ரிப்புக்கு அது சரிவராது. மேட்டூர் அணையிலிருந்து திறக்கும் தண்ணியைப் பொறுத்து கீழே ஆற்றின் வேகம் மாறும். காலையில் அமைதியா இருந்த இடம் மாலையில் அப்படியே இருக்கும்னு சொல்ல முடியாது. மணல் பள்ளமும் சுழலும் மேலிருந்து பார்த்தா தெரியாது. ஒகேனக்கல்லில் நீர்வரத்து கூடினா, அனுபவமுள்ள பரிசல்காரர்களுக்கே தடை போடுறாங்க. அப்போ நாம எம்மாத்திரம்?

பிச்சாவரம்: முதல் சாய்ஸ்

சேலத்திலிருந்து ஆத்தூர், விருத்தாசலம் வழியா சிதம்பரம். அங்கிருந்து சுமார் 15 கி.மீ. வெள்ளாற்றுக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் இருக்கும் அலையாத்திக் காடு இது. குறுகிய கால்வாய்கள், பல இடங்களில் ஆழமும் குறைவு. இருபுறமும் மரங்கள் இருப்பதால் காற்றின் தொல்லை கம்மி.

கவனிக்க வேண்டியது ஓதம். சுமார் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை தண்ணி ஏறும், இறங்கும். இறங்கும்போது மாட்டினா சேற்றில் தட்டி நிற்கலாம். எல்லாக் கால்வாயும் ஒரே மாதிரி இருக்கும் என்பதால் கைடு இல்லாம உள்ளே போகாதீங்க. இன்னொண்ணு, கிளைகளை ஒடிக்கவே கூடாது. சிதம்பரத்துக்குத் தில்லைன்னு பேர் தந்த தில்லை மரத்தின் பால் கண்ணில் பட்டா பெரிய ஆபத்து. ஜனவரி முதல் மார்ச் வரை போகலாம். வடகிழக்குப் பருவமழைக் காலத்தைத் தவிர்த்துடுங்க.

மன்றோ தீவு: ரெண்டு நாள் லீவு இருந்தா

கேரளாவின் கொல்லம் பக்கம், கல்லடை ஆறு அஷ்டமுடி ஏரியில் சேரும் இடம். சேலத்திலிருந்து கொல்லத்துக்கு நேரடி ரயில் உண்டு. வீடுகளுக்கு நடுவே ஓடும் சின்னக் கால்வாய்களில் காலை நேர கயாக் பயணம் இங்கே பிரபலம். கால்வாய் வரை ஓகே. பரந்த ஏரிக்குள் போனா காற்றும் அலையும் கூடும், அதை அடுத்த ட்ரிப்புக்கு வைங்க. ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை, வேண்டாம்.

புக் பண்ணும் முன் கேளுங்க

* லைஃப் ஜாக்கெட் என் அளவுக்குக் கிடைக்குமா? (நீச்சல் தெரிஞ்சாலும் கட்டாயம்)
* கயாக் கவிழ்ந்தா திரும்ப ஏற, கரை ஓரத்தில் முதலில் சொல்லித் தருவீங்களா?
* ஒரு கைடுக்கு எத்தனை பேர்?
* வானிலை மோசமானா பணம் திரும்ப வருமா?

இதுக்குத் தெளிவான பதில் வரலைன்னா வேற ஆளைப் பாருங்க. காலை வெயில் ஏறும் முன் கிளம்புங்க. திரும்பும் நேரத்தை வீட்டில் சொல்லிடுங்க. போனைத் தண்ணி புகாத பையில் போடுங்க. அதே பையில் நம்மூர் கைமுறுக்குக்கும் கொஞ்சம் இடம் விடுங்க. துடுப்பு போட்டா பசி செமையா எடுக்கும்!