மாத்திரை என்கிற கயிறு

'பாட்டிக்கு மாத்திரை கொடுக்க ஒரு படிப்பா?' என்கிறீர்களா? ஒரு காலத்தில் அமெரிக்காவின் பல முதியோர் இல்லங்களில், ராத்திரி சத்தம் போடும் தாத்தாவை அடக்க மனநோய் மாத்திரையைக் கொடுத்துவிடுவார்கள். கட்டிப்போடக் கயிறே வேண்டாம்!

1987 டிசம்பரில் அதிபர் ரீகன் கையெழுத்திட்ட சட்டம் இதற்குக் கடிவாளம் போட்டது. ஊழியர்களின் வசதிக்காக மருந்து கொடுத்து முதியவரை முடக்கக் கூடாது. நர்ஸுக்கு உதவுகிறவருக்குக் குறைந்தது 75 மணி நேரப் பயிற்சி வேண்டும் என்றது.

சரி, அந்த உதவியாளர் மாத்திரையை எடுத்துக் கொடுக்கலாமா? அது அந்தந்த மாநிலத்தின் முடிவு. டெக்சாஸில் கொடுக்கலாம். ஆனால், அதற்கென்றே தனியாக 140 மணி நேரப் பயிற்சி!

வீட்டில் மாத்திரை டப்பாவைத் திறக்கும்போது நாமும் கேட்டுக்கொள்ளலாம்: இது பாட்டியின் நிம்மதிக்கா, நம் நிம்மதிக்கா?