காண்டாமிருகக் கொட்டடியில் கிடைத்த பூனை

சிறுத்தையைச் சுருக்கி வீட்டுக்குள் விட்டதுபோல் இருக்கும் பெங்கால் பூனைக்கு இந்தியத் தெருப் பூனையின் ரத்தமும் உண்டு.

1982இல் டெல்லி உயிரியல் பூங்காவில், காண்டாமிருகக் கொட்டடியில் ஒரு பூனை திரிந்துகொண்டிருந்தது. பொன்னிற மேனி, கரும்பழுப்புப் புள்ளிகள், வெயில் பட்டால் மின்னும் மயிர். கலிபோர்னியாவின் பூனை வளர்ப்பாளர் ஜீன் மில் அதைக் கொண்டுபோய், காட்டுச் சிறுத்தைப் பூனை வழிவந்த கலப்பினப் பெட்டைகளோடு சேர்த்தார். அந்த மினுமினுப்பு பெங்கால் பூனைகள் பலவற்றில் இன்றும் தொடர்கிறது. திருப்பதி, சித்தூர்ச் சந்துகளில் புள்ளிப் பூனைகளைப் பார்த்துப் பழகியவர்கள் பெங்கால் பூனையைக் கண்டு அசர மாட்டார்கள். விலையைக் கேட்டால்தான் வாய் பிளப்பார்கள்.

பெங்கால் பூனை குணத்தில் சரியான வாலு. பீரோ உச்சிக்குத் தாவும். குழாயைத் திறந்தால் ஓடிவந்து தண்ணீரை அளையும். மீன்தொட்டி உள்ள வீட்டில் தொட்டிக்கு மூடி கட்டாயம்.