கோல் போடுவோரும் கோல் காப்போரும்

யூபிலி மலர் என்றால் கோயில் எழும்பிய வரலாறும், பங்குத்தந்தையரின் வரிசையும், நன்கொடையாளர் பட்டியலும் இருக்கும். நாம் எழுத எடுத்துக்கொண்டதோ கால்பந்தாட்டத்தின் வரலாறு. பங்கு மலரில் இதற்கு என்ன வேலை என்று பெரியவர்கள் சிலர் முகம் சுளிக்கலாம். ஞாயிறு மறைக்கல்வி முடிந்ததும் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடும் நம் சிறுவர்களைப் பார்த்தவர்களுக்கு அந்தக் கேள்வி எழாது.

அச்சிறுவர்களிடம் ஒரு வழக்கத்தைக் காண்கிறோம். அணி பிரித்தவுடன் எல்லாரும் 'பார்வர்டு'. மிஞ்சியவன் 'பேக்'. எல்லாரிலும் சின்னவன், அல்லது உதைக்கத் தெரியாதவன் என்று பெயர் வாங்கியவன், கோலில் நிற்கவேண்டும். கோல் விழுந்தால் ஏச்சு முழுவதும் அவனுக்கே. இரண்டு வாரம் ஏச்சு வாங்கிய பிள்ளை மூன்றாம் வாரம் திடலுக்கு வருவதில்லை. பிறகு மறைக்கல்விக்கும் மெல்ல மெல்ல வராமற் போகிறான். தாக்குவது உயர்ந்தது, காப்பது தாழ்ந்தது என்னும் இந்த எண்ணத்தை ஆட்டத்தின் வரலாறு ஒப்புக்கொள்கிறதா? (பழைய கோட்டை இருந்த கருங்குழியில் காவலைத் தாழ்வாக நினைப்பதே வேடிக்கைதான்.)

1863-ல் இங்கிலாந்தில் முதல் சட்டங்கள் வகுத்தபோது, பந்துக்கு முன்னால் நிற்கும் தன் அணியினனுக்குப் பந்தை அனுப்ப இடமில்லை. ஆகவே ஒருவன் பந்தை உருட்டிக்கொண்டு ஓடுவான். மற்றவர் அவன் பின்னால் கூட்டமாக ஓடுவர். நம் திடலில் இன்றும் நடப்பது ஏறக்குறைய இதுவே! 1866-ல் சட்டம் தளர்ந்தது. எதிரணியினர் மூவராவது கோல் எல்லைக்கும் தனக்கும் இடையில் இருந்தால், முன்னால் நிற்பவனும் பந்தைப் பெறலாம் என்றாயிற்று. 1872 நவம்பர் 30 அன்று கிளாஸ்கோவில் இங்கிலாந்தும் ஸ்காட்லாந்தும் மோதின. ஆங்கிலேயர் தனித்தனியே உருட்டி ஓடினர். உடல் கனத்தில் குறைந்த ஸ்காட்லாந்துக்காரர் பந்தை ஒருவருக்கொருவர் தள்ளி ஆடினர். ஆட்டம் கோலின்றி முடிந்தது. ஆனால் பின்னாளில் உலகம் கற்றுக்கொண்டது அந்தத் தள்ளி ஆடும் கலையைத்தான்.

1925-ல் 'ஆப்சைடு' சட்டம் மூவர் என்பதை இருவர் ஆக்கியது. அதற்கு முந்தைய பருவத்தில் இங்கிலாந்து லீக் ஆட்டங்களில் விழுந்த கோல்கள் 4,700; அடுத்த பருவத்தில் 6,373. காப்பவர்கள் திணறினர். அப்போது ஆர்சனல் அணியின் மேலாளர் ஹெர்பர்ட் சாப்மன், நடுவில் ஆடிய சென்டர் ஹாபைப் பின்னுக்கு இழுத்து, இரு பேக்குகளுக்கிடையே காவலாக நிறுத்தினார். பயந்தவன் செய்யும் வேலை என்று தோன்றும். அந்த அணி 1930-31 பருவத்தில் லீக்கை வென்றது. 42 ஆட்டங்களில் அது போட்ட கோல்கள் 127. பின்னால் பலமாக இருந்ததனாலேயே முன்னால் துணிய முடிந்தது என்பது நம் எண்ணம்.

நம் நாட்டுக் கதை இதைவிடச் சுவையானது. 1962-ல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டுப் போட்டி. பயிற்சியாளர் ஹைதராபாத்தைச் சேர்ந்த சையத் அப்துல் ரஹீம், பள்ளி ஆசிரியராக இருந்தவர். அப்போதே புற்றுநோய் அவரைப் பீடித்திருந்தது. முதல் ஆட்டத்தில் தென் கொரியாவிடம் 2-0 எனத் தோற்றோம். தாய்லாந்துடன் ஆடும்போது, காவல் அரணான ஜர்னைல் சிங்குக்குத் தலையில் அடிபட்டுத் தையல் போடவேண்டியதாயிற்று. ரஹீம் அவரை ஒதுக்கிவிடவில்லை. அரையிறுதியில் சென்டர் பார்வர்டாக முன்னே நிறுத்தினார்! தென் வியட்நாமுக்கு எதிராக அவர் ஒரு கோல் போட்டார். 3-2 என வென்றோம். இறுதி ஆட்டத்தில், ஆரவாரித்து எதிர்த்த பெருங்கூட்டத்தின் நடுவே, அதே தென் கொரியாவை 2-1 என வென்றோம். பி.கே. பானர்ஜி ஒன்று, ஜர்னைல் சிங் ஒன்று. ரஹீம் மறு ஆண்டு ஜூனில் காலமானார்.

அந்த இறுதி ஆட்டத்தில் நம் கோலில் நின்றவர் பீட்டர் தங்கராஜ். நீலகிரி வெலிங்டனிலுள்ள மதராஸ் ரெஜிமெண்ட் மையத்தில் சேர்ந்தபோது அவர் சென்டர் பார்வர்டு. பின்னரே கோலுக்கு மாறினார். அம்மையம் 1955-லும் 1958-லும் டூராண்ட் கோப்பையை வென்றது. 1958-ல் ஆசியாவின் சிறந்த கோல்கீப்பர் என்ற பெயர் அவருக்குக் கிட்டியது. ஆக, அன்று கோல் போட்ட ஒருவர் காவல்காரர். கோல் காத்தவர் ஒரு காலத்தில் கோல் போட்டவர்.

நம் காலத்துக்கு வருவோம். குமரி மாவட்டக் கடற்கரையில் இரயுமன்துறை என்னும் மீனவ ஊரின் பிள்ளை மைக்கேல் சூசைராஜ், இடப்புறத் தாக்குதலால் பெயர் பெற்றவர். 2019-20 பருவத்தில் கொல்கத்தாவின் ஏ.டி.கே. அணி அவரை இடது ஓரம் முழுவதற்கும் பொறுப்பாக்கியது. பந்து நம்மிடம் இருந்தால் எதிரியின் மூலைவரை ஓடவேண்டும். பறிபோனால் நம் கோல்வரை திரும்பி ஓடவேண்டும். அப்பருவத்தில் ஐ.எஸ்.எல். கோப்பை அவர்களுக்கே.

எனவே நம் திடலில் என்ன செய்யலாம்? பத்து வயதுப் பிள்ளையை 'நீ பேக்' என்று முத்திரை குத்துவது தவறு. பதினொருவர் ஆட்டத்தைவிட, நாலு நாலு பேராகச் சிறு களத்தில் ஆடினால் ஒவ்வொருவன் காலிலும் பந்து அடிக்கடி படும். தாக்கவும் காக்கவும் எல்லாருக்கும் முறை வரும். காப்பவன் பாய்ந்து பிடுங்கக் கூடாது. எதிரிக்கும் கோலுக்கும் நடுவே, கைக்கெட்டும் தூரத்தில், பக்கவாட்டில் சாய்ந்து நின்று, அவனைத் தாமதப்படுத்தவேண்டும். அதற்குள் தோழன் ஒருவன் பின்னால் வந்து துணை நிற்பான். பொறுமையில்லாதவனுக்கு இது வராது, ஆனால் பழகினால் வரும். தாக்கும்போது பந்தைச் சுற்றி மொய்க்காமல் அகலமாகப் பரவி, பந்தைக் கொடுத்தவன் நிற்காமல் வெற்றிடம் நோக்கி ஓடவேண்டும். பந்தைப் பறித்த நொடியில் முன்னே எவன் காலியாக நிற்கிறான் என்று காண்பவனே நல்ல பேக்; பறிகொடுத்த நொடியில் திரும்பத் துரத்துபவனே நல்ல பார்வர்டு.

யூபிலிப் போட்டிக்கு ஒரே ஒரு விதியை இளைஞர் குழுவினரிடம் கேட்டுக்கொண்டுள்ளோம்: பன்னிரண்டு வயதுக்குட்பட்டோர் அணியில் ஒவ்வொரு சிறுவனும் பத்து நிமிடமாவது கோலில் நிற்கவேண்டும், பத்து நிமிடமாவது முன்னால் ஆடவேண்டும். அணித்தலைவனும் இதற்கு விலக்கல்லன். எல்லைக்கோட்டருகே நின்று கத்தும் தந்தையர், கோலில் தம் பிள்ளை நிற்கும்போதும் அதே தொண்டையோடு கைதட்டுவார்களாக.